டிஷ்வாஷருக்குள் தண்ணீர் ஏறவில்லை, குழாய்ப் படம் மின்னுகிறது (மேல்மாடி வீடு, தொட்டித் தண்ணீர்)

மூன்றாம்மாடி | சனி, காலை 10:20

எல்லாருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்ககத்தின் மேல்மாடியில் இருக்கிறோம். டிஷ்வாஷர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. மாமியாருக்கு விரல் மூட்டுகளில் வலி. எனக்கு வேலை முடியவே இரவு எட்டு ஆகிவிடும். மெஷின் ஓடாத நாளில் குக்கரும் கடாயும் மறுநாள் காலை வரை சிங்க்கில்தான் கிடக்கும்.

பத்து நாளாகப் பிரச்சினை. பட்டனை அழுத்தியதும் பழைய தண்ணீரை வெளியே தள்ளும் சத்தம் வழக்கம்போல வருகிறது. அப்புறம் உள்ளே தண்ணீர் ஏறும் சத்தம் மெலிதாகக் கேட்கிறது. ஐந்தாறு நிமிடம் கழித்து மூன்று முறை பீப் அடித்து, மெஷின் முகப்பில் குழாய்ப் படம் மின்னி, நின்றுவிடுகிறது. காலையில் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடுகிறது, இரவில் போட்டால் நின்றுவிடுகிறது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. மெஷின் கெட்டுப்போயிருந்தால் காலையிலும் ஓடக்கூடாதே?

சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார். இன்லெட் வால்வு (தண்ணீரை உள்ளே விடும் வால்வு) போயிருக்கும், மின்னணு போர்டும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 7,800 ரூபாய் சொன்னார். வாரண்டி முடிந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். பணம் கட்டும் முன் நானே எதையாவது பார்க்க முடியுமா?

பருப்புப்பொடி | சனி, காலை 10:41

எங்கள் வீட்டிலும் இதே படம் வந்தது. ஹோஸ் மெஷினுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. மெஷினை இழுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பத் தள்ளும்போது நசுங்கியிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

பழைய_ஸ்பானர் | சனி, காலை 11:15

சகோதரி, கோவையில் இந்த வகை மெஷின்களில் 14 வருடம் சர்வீஸ் வேலை பார்த்தவன். உங்கள் பதிவில் இருக்கும் முக்கியமான தகவலே "காலையில் ஓடுகிறது, இரவில் நிற்கிறது" என்பதுதான். வால்வின் காயில் (அதைத் திறக்கும் மின்கம்பிச் சுருள்) எரிந்துபோயிருந்தால் எந்த நேரத்திலும் ஓடாது. போர்டு போனாலும் பெரும்பாலும் அப்படித்தான். நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் நான் முதலில் தண்ணீர் வரும் வழியைத்தான் சந்தேகப்படுவேன்.

அந்தக் குழாய்ப் படத்துக்கு அர்த்தம் ஒன்றே ஒன்று. இவ்வளவு நேரத்துக்குள் இவ்வளவு தண்ணீர் வரவேண்டும் என்று மெஷினுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தடவை நிரம்ப மூன்று நான்கு லிட்டர் தேவை. அது அந்த நேரத்துக்குள் வந்து சேரவில்லை என்றால் படம் மின்னும். ஏன் வரவில்லை என்று மெஷினுக்குத் தெரியாது. குழாய் மூடியிருந்தாலும், தொட்டி காலியாக இருந்தாலும், சல்லடை அடைத்திருந்தாலும், வால்வு போயிருந்தாலும் அதே படம்தான். அதை மட்டும் பார்த்துவிட்டு வால்வை மாற்றச் சொல்வது தவறு.

இன்றைக்கு இதைச் செய்யுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஆங்கிள் வால்வை (சுவரில் ஹோஸ் மாட்டியிருக்கும் சின்னக் குழாய்) மூடிவிட்டு, ஹோஸ் குழாயோடு சேரும் இடத்தில் நட்டைக் கையால் கழற்றுங்கள், கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். ஹோஸின் வாயிலோ மெஷின் பக்கத்திலோ ஒரு சின்னச் சல்லடை இருக்கும், சில மெஷின்களில் இரண்டு பக்கமும் இருக்கும். அதை வெளியே எடுத்து, என்ன படிந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹோஸின் குழாய்ப் பக்க முனையில் பெரிய பிளாஸ்டிக் டப்பா போல ஒன்று இருந்தால், அதற்குள் மின்சாரத்தில் ஓடும் வால்வு இருக்கிறது. ஹோஸ் வழியாகவே ஒயர் போகும். அதைத் தண்ணீரில் முக்கக்கூடாது, ஹோஸை வெட்டி ஒட்டவும் கூடாது.

குழாய்க்கணக்கு | சனி, மதியம் 12:50

மதுரையிலிருந்து எழுதுகிறேன், கட்டடங்களுக்குக் குழாய் அமைப்பு வரைவது என் தொழில். சகோதரி, மூன்று கேள்விகள். மாடித்தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? சமையலறைக்கும் குளியலறைக்கும் தொட்டியிலிருந்து ஒரே குழாய் இறங்குகிறதா, தனித்தனியா? பத்து நாளுக்கு முன் தொட்டியிலோ குழாயிலோ யாராவது கை வைத்தார்களா?

மூன்றாம்மாடி | சனி, மாலை 4:05

பருப்புப்பொடி, ஹோஸ் மடங்கவில்லை. மெஷினை வெளியே இழுத்தே பார்த்துவிட்டேன்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி கழற்றினேன். சல்லடை மெஷின் பக்கத்தில் இருந்தது. பாதி மூடிக் கிடந்தது! பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக ஏதோ, அதோடு கறுப்பு மணல், பிளாஸ்டிக் சீவல் போல இரண்டு துண்டு. ஓரத்தில் வெள்ளையாகக் கல் போலப் பிடித்திருந்தது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன், வெள்ளை மட்டும் போகவில்லை.

குழாய்க்கணக்கு சார், கடைசிக் கேள்வியைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. சரியாகப் பன்னிரண்டு நாளுக்கு முன்தான் எங்கள் சங்கத்தில் ஆள் வைத்து மாடித்தொட்டியைக் கழுவினார்கள். சமையலறைக்குத் தனிக் குழாய், குளியலறைகளுக்குத் தனிக் குழாய். தொட்டி மொட்டை மாடியில் நான்கடி மேடையில் நிற்கிறது.

பழைய_ஸ்பானர் | சனி, மாலை 4:30

அப்படியானால் பாதி கண்டுபிடித்தாயிற்று. தொட்டியைக் கழுவும்போது அடியில் படிந்த வண்டல் முழுவதும் வெளியே போகாது, ஒரு பங்கு குழாயில் இறங்கும். குளியலறைக் குழாயில் அது தெரியாமல் போய்விடும், மெஷினின் சல்லடையில் மாட்டிக்கொள்ளும். தொட்டி கழுவிய வாரத்தில் எனக்கு எப்போதும் அழைப்புகள் கூடும்.

வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, சல்லடையை ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள், கரைந்துவிடும். வினிகரும் ஆகும். கோவையில் சிறுவாணி வரும் வீடுகளில் இந்த வெள்ளை ரொம்பக் குறைவு. அதே தெருவில் போர் தண்ணீர் ஓடும் வீட்டில் ஆறு மாதத்தில் பூத்துவிடும்.

ஊசியால் குத்த வேண்டாம். கிழிந்த சல்லடை வழியாக மணல் போனால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர்த் தகடு சரியாக உட்காராது. அப்புறம் மெஷின் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும், அது இதைவிடப் பெரிய தலைவலி.

மூன்றாம்மாடி | ஞாயிறு, காலை 7:50

ஊறவைத்ததும் சல்லடை புதிதுபோல ஆகிவிட்டது. நேற்று இரவு 9 மணிக்குப் போட்டேன், முழுச் சுற்றும் ஓடி முடிந்தது. மாமியார் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். 7,800 ரூபாய் மிச்சம்!

குழாய்க்கணக்கு | ஞாயிறு, காலை 9:10

சந்தோஷம். ஆனால் இழையை இப்போதே மூட வேண்டாம். பாதி அடைத்த சல்லடை காலையிலும் பாதி அடைத்ததுதான். அது மட்டுமே காரணம் என்றால் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் ஏன் வந்தது? அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

தென்னூர்வாசி | ஞாயிறு, காலை 11:30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் அதே குழாய்ப் படம். ஆனால் எங்களுடையது திருச்சியில் தனி வீடு, பிரஷர் பம்ப் இருக்கிறது, தண்ணீர் பீறிட்டு வருகிறது. சல்லடையும் சுத்தம். மெஷின் போட்டால் தண்ணீர் ஏறும் சத்தம் நிற்பதே இல்லை, பத்து நிமிடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கதவைத் திறந்தால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. புது வீட்டுக்கு வந்து இப்போதுதான் மாட்டினோம். ஏறுகிற தண்ணீர் எங்கே போகிறது?

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, காலை 11:52

தம்பி, கழிவு ஹோஸை எங்கே விட்டிருக்கிறீர்கள்? தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குள்ளா?

தென்னூர்வாசி | ஞாயிறு, மதியம் 12:05

ஆமாம் அண்ணா. மெஷினுக்குப் பின்னாலேயே தரையில் ஜாலி இருக்கிறது. ஹோஸை நேராக அதற்குள் ஒரு அடி ஆழம் விட்டிருக்கிறோம், வெளியே வரக்கூடாது என்று சுற்றித் துணியும் அடைத்திருக்கிறோம்.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு, மதியம் 12:40

காரணம் அதுதான். டிரம்மிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி மண்ணெண்ணெய் இறக்குவார்களே, அதே வேலையை உங்கள் கழிவு ஹோஸ் செய்கிறது. முதலில் பழைய தண்ணீரைத் தள்ளும்போது ஹோஸ் முழுக்க நிரம்புகிறது. அதன் வாய் மெஷினின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் துணி வைத்து அடைத்ததில் காற்றுப் புகவும் வழியில்லை. மேலே ஏறுவது எல்லாம் கீழே போய்விடுகிறது. மெஷின் பொறுத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று குழாய்ப் படத்தைக் காட்டுகிறது. படம் வரத்துப் பக்கத்தைக் காட்டினாலும் தப்பு போக்குப் பக்கத்தில்.

ஹோஸை மேலே தூக்கி, தரையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வளைவு வருமாறு சுவரில் கட்டுங்கள். பெரும்பாலான கையேடுகளில் 40 முதல் 100 சென்டிமீட்டர் வரை என்று இருக்கும், உங்களுடையதையும் ஒரு தடவை பாருங்கள். சிங்க்குக்கு அடியில் கழிவுக் குழாயில் ஹோஸ் செருக ஒரு மூக்கு வைத்துத் தருவார்கள், அதில் மாட்டினால் இன்னும் நல்லது. ஜாலியில்தான் விட வேண்டும் என்றால் துணியை எடுத்துவிடுங்கள், காற்று போக இடம் வேண்டும்.

மூன்றாம்மாடி | செவ்வாய், இரவு 10:15

குழாய்க்கணக்கு சார், நீங்கள் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. ஞாயிறு, திங்கள் ஓடியது. இன்று இரவு மறுபடி மூன்று பீப், குழாய்ப் படம். சல்லடையைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது சர்வீஸ் ஆளையே கூப்பிட்டுவிடலாமா?

குழாய்க்கணக்கு | செவ்வாய், இரவு 10:48

கூப்பிட வேண்டாம். ஒரு வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் இருந்தால் போதும்.

மெஷின் பக்கத்தில் இன்லெட் ஹோஸைக் கழற்றி, அந்த முனையை 10 லிட்டர் வாளிக்குள் விடுங்கள். ஹோஸில் அண்ணன் சொன்ன டப்பா இருந்தால் தண்ணீர் வராது, அப்போது குழாயிலேயே பிடியுங்கள். குழாயை முழுவதும் திறந்து, வாளி நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். குளியலறையின் கீழ்க் குழாயிலும் அப்படியே. இரண்டையும் இரவு ஒரு தடவை, தொட்டி நிரம்பிய பிறகு காலையில் ஒரு தடவை எடுங்கள்.

ஏன் என்றும் சொல்கிறேன். தண்ணீரின் அழுத்தம் என்பது தொட்டியின் உயரம்தான். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அலகு). தொட்டி எத்தனை ஆயிரம் லிட்டர் என்பதற்கு இதில் வேலையே இல்லை. உங்கள் வீட்டில் மேடை நான்கடி, கூரை பத்தடி, அதில் ஆங்கிள் வால்வு தரையிலிருந்து இருக்கும் ஒன்றரை அடியைக் கழித்தால் தொட்டியின் அடிப்பகுதிக்கும் உங்கள் குழாய்க்கும் பன்னிரண்டரை அடி, அதாவது 3.8 மீட்டர். தொட்டிக்குள் தண்ணீர் நான்கடி நின்றால் மொத்தம் 5 மீட்டர், 0.5 பார். ராத்திரி தொட்டி அடிமட்டத்துக்கு வரும்போது 0.38 பார். இதுவும் குழாயில் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஓடத் தொடங்கினால் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு வால்வும் கொஞ்சம் தின்னும். உங்கள் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன போட்டிருக்கிறது?

மூன்றாம்மாடி | செவ்வாய், இரவு 11:20

கையேட்டில் "0.3 முதல் 10 பார்" என்று இருக்கிறது. வாளியும் பிடித்துவிட்டேன். ஹோஸ் முனையில் 2 நிமிடம் 50 நொடி. குளியலறையில் 58 நொடி!

பழைய_ஸ்பானர் | புதன், காலை 6:30

காலையில் எழுந்ததும் உங்கள் எண்களைப் பார்த்தேன். நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர்தான் வருகிறது, அதுவும் மெஷின் வால்வு வழியாகப் போகாமலே. சில நிறுவனங்கள் நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டும் என்று கேட்கும். நம் மாடித்தொட்டிகளில் அது அமைவது கஷ்டம். என் அனுபவத்தில் ஆறு, ஏழு கிடைத்தால் ஓட்டிவிடலாம்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் மெதுவாக ஏறும், நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வால்வு அப்படி இல்லை. காயில் திறப்பது நடுவில் இருக்கும் சின்ன ஊசித்துளையை மட்டும்தான். பெரிய ரப்பர்த் தகட்டைத் தூக்கித் திறப்பது தண்ணீரின் அழுத்தமே. கையேட்டில் குறைந்தபட்சம் என்று ஒரு எண் போடுவது இதனாலும்தான். அதற்குக் கீழே போனால் தகடு அரைகுறையாகத் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. அந்த நேரத்தில் யாராவது வந்து பார்த்தால் "வால்வு வேலை செய்யவில்லை" என்றுதான் சொல்வார்கள். அவர் பார்த்தது பொய்யில்லை. புது வால்வு போட்டாலும் அதுவும் திறந்திருக்காது.

குழாய்க்கணக்கு | புதன், காலை 7:05

ஒரே தொட்டி, ஒரே மாடி. குளியலறையில் 58 நொடி, சமையலறையில் 170 நொடி. தொட்டியின் உயரம் இரண்டுக்கும் பொதுவானதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. சமையலறைக் குழாயில் மட்டும் எங்கோ ஒரு நெருக்கல். சந்தேகம் இரண்டு இடம். ஒன்று உங்கள் ஆங்கிள் வால்வு. இன்னொன்று மொட்டை மாடியில் அந்தக் குழாய் தொட்டியிலிருந்து கிளம்பும் இடத்தில் இருக்கும் கேட் வால்வு. தொட்டி கழுவும்போது அதை மூடியிருப்பார்கள்.

மாடிக்குப் போவதற்கு முன், சிங்க் குழாயிலும் ஒரு வாளி பிடியுங்கள். அதிலும் மெதுவாக வந்தால் நெருக்கல் மேலே இருக்கிறது. சிங்க்கில் நன்றாக வந்தால் ஆங்கிள் வால்வுதான்.

மூன்றாம்மாடி | புதன், காலை 8:40

சிங்க் குழாயில் 2 நிமிடம் 15 நொடி. மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பிய பிறகு ஹோஸ் முனையில் 2 நிமிடம் 5 நொடி. அப்படியானால் மேலேதான், இல்லையா?

என் கணவர் மாடிக்குப் போய்ப் பார்த்தார். கேட் வால்வு முழுவதும் திறந்திருக்கிறது என்கிறார். கைப்பிடியைத் திருகிப் பார்த்தாராம், அதற்கு மேல் திரும்பவில்லை. சங்கச் செயலாளரும் "கழுவி முடித்ததும் எல்லா வால்வையும் திறந்துவிட்டோம்" என்று உறுதியாகச் சொல்கிறார்.

பருப்புப்பொடி | புதன், காலை 9:02

ஆங்கிள் வால்விலிருந்து டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு ஆர்.ஓ. குடிநீர் வடிகட்டிக்கும் லைன் எடுத்திருக்கிறீர்களா? எங்கள் பிளம்பர் அப்படி எடுக்கவே கூடாது என்றார். இன்னொன்று, தண்ணீர் உப்பு என்பதால் ஆர்.ஓ. தண்ணீரையே மெஷினுக்குக் கொடுக்கலாமா என்று என் தங்கை கேட்கிறாள்.

பழைய_ஸ்பானர் | புதன், காலை 9:25

டீ போடலாம், ஆர்.ஓ. இழுக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் விலை குறைந்த டீயின் உள்துளை சின்னதாக இருக்கும். தனிக் குழாய் வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரை மெஷினுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். அந்த மெல்லிய குழாயில் வரும் தண்ணீர் மெஷினுக்குப் போதவே போதாது. கடின நீரை மாற்றுவதற்கு மெஷினுக்குள்ளேயே உப்புப் பெட்டி இருக்கிறது. அதில் டிஷ்வாஷர் உப்பு என்று விற்கும் கல்லுப்பை மட்டும் போட வேண்டும், சமையல் தூள் உப்பு கூடாது. டிடிஎஸ் மீட்டரைப் பார்த்து உப்பின் அளவை வைக்காதீர்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டு, கடினத்தன்மை வேறு. மெஷினோடு கொடுக்கும், கடினத்தன்மை காட்டும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்து வையுங்கள்.

குழாய்க்கணக்கு | புதன், காலை 9:50

சகோதரி, செயலாளர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த வால்வு மூடியிருக்கலாம்.

பழைய கேட் வால்வில் அடிக்கடி நடப்பது இது. உள்ளே ஒரு தகடு மேலும் கீழும் போகும். கைப்பிடியோடு சேர்ந்த தண்டுதான் அதைத் தூக்கும். வருடக்கணக்கில் திறந்தே கிடந்துவிட்டு, கழுவும் நாளில் மட்டும் இறுக்கி மூடித் திறக்கும்போது, அரித்துப்போன தண்டு தகட்டை விட்டுவிடும். கைப்பிடி கடைசி வரை திரும்பும். தகடு மட்டும் பாதி வழியில் தொங்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழுவதும் திறந்ததுபோலத்தான் இருக்கும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வாளிக் கணக்கை எழுதிச் செயலாளரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுச் சமையலறையிலும் ஒரு வாளி பிடித்து அந்த எண்ணையும் சேருங்கள்.

வளையாபதி_தெரு | புதன், மாலை 5:15

எதற்கு இவ்வளவு சிரமம்? ஒரு பிரஷர் பம்ப் வாங்கி மெஷின் லைனில் மாட்டிவிட்டால் முடிந்தது. சின்ன பம்ப் கடையில் கிடைக்கிறது.

குழாய்க்கணக்கு | புதன், மாலை 6:00

பம்ப் கூடாது என்று சொல்லவில்லை. தொட்டி மேடை இல்லாமல் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் வீடுகளில் மேல்மாடிக்கு வேறு வழியே இல்லை. ஆனால் நெருக்கல் இருக்கும் குழாயில் பம்ப் வைத்தால் பம்ப்புக்கே தண்ணீர் போதாமல் காற்றை இழுக்கும், சூடேறும், சீக்கிரம் போய்விடும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் தானாகக் கிளம்பும் வகை பம்ப்புக்கு, முதலில் கொஞ்சமாவது தானாக ஓட வேண்டும். அந்தக் கொஞ்சமும் இல்லாத இடத்தில் அது கிளம்பவே கிளம்பாது. அதனால் வழியைச் சரிசெய்துவிட்டு, அப்புறமும் போதவில்லை என்றால் பம்ப்.

தனி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்ப்பைத் தொட்டியிலிருந்து வரும் லைனில் மட்டும் வையுங்கள். தெருவிலிருந்து வரும் குடிநீர் வாரிய இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்ச அனுமதி கிடையாது. கடைசி வீட்டுக்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் போகாமல் செய்யும் வேலை அது.

தென்னூர்வாசி | வியாழன், காலை 8:10

அண்ணா, ஹோஸைத் தூக்கிச் சுவரில் கொக்கி அடித்துக் கட்டினேன். துணியை எடுத்தேன். இரண்டு நிமிடத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்று, உள்ளே தெளிக்கும் சத்தம் வந்தது. இரண்டு சுற்று ஓடிவிட்டது. மாட்டிக்கொடுத்த ஆள் "ஜாலி இருக்கும்போது ஹோஸைத் தூக்குவது எதற்கு" என்றார், நானும் சரி என்று விட்டுவிட்டேன். மிக்க நன்றி.

மூன்றாம்மாடி | சனி, மாலை 6:45

எல்லாவற்றையும் எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

எதிர் வீட்டு அக்கா சமையலறையில் வாளி பிடித்தோம், 2 நிமிடம் 20 நொடி. அவர்கள் பத்து நாளாக "லாரித் தண்ணீர் வந்ததிலிருந்து இப்படித்தான்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு டிஷ்வாஷர் இல்லை, அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு வீட்டு எண்களையும் குளியலறை எண்களையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தோம். பார்த்ததும் பிளம்பரை வரச்சொல்லிவிட்டார்.

இன்று மதியம் பிளம்பர் வந்து கேட் வால்வைக் கழற்றினார். குழாய்க்கணக்கு சார் சொன்னது அப்படியே! தகடு தண்டிலிருந்து கழன்று, வழியில் முக்கால் பாகத்தை மறைத்துத் தொங்கியது. அதற்குப் பின்னால் செதில் கைப்பிடி அளவு சேர்ந்திருந்தது. அதை மாற்றிப் பால் வால்வு (தகட்டுக்குப் பதில் துளையுள்ள உருண்டை சுழலும் வகை) போட்டார். கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது. சங்கமே செலவை ஏற்றுக்கொண்டது.

குழாயில் மிச்சம் இருந்த அழுக்கு வரும் என்று பிளம்பர் சொன்னதால், மெஷின் ஹோஸை மாட்டாமல் முதலில் மூன்று வாளி வெளியே விட்டேன். முதல் வாளி தேநீர் நிறத்தில் வந்தது. அப்புறம் நேரம் பிடித்தேன், 1 நிமிடம் 20 நொடி. ஆங்கிள் வால்வையும் கழற்றிப் பார்த்தோம், அதன் வாயிலும் செதில் அடைத்திருந்தது. புதிது போட்ட பிறகு 1 நிமிடம் 5 நொடி.

பழைய_ஸ்பானர் | சனி, இரவு 7:20

நிமிடத்துக்கு ஒன்பது லிட்டருக்கு மேல்! மேல்மாடிக்கு இது ரொம்ப நல்ல அளவு. இன்னும் இரண்டு வாரம் கழித்துச் சல்லடையை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், புது வால்வு போட்ட பிறகும் துகள் வரும். ஹோஸைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நட்டுக்கு டெஃப்ளான் டேப் வேண்டாம், கைப்பலமே போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் கீறிவிடும். முதல் நாள் இரவு தூங்கும் முன் அந்த இடத்தை ஒரு காகிதத்தால் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் தெரியும்.

மூன்றாம்மாடி | திங்கள், இரவு 9:55

காகிதம் காய்ந்தே இருந்தது அண்ணா. சனி, ஞாயிறு, இன்று என மூன்று நாளும் வேண்டுமென்றே இரவு ஒன்பது மணிக்கு மேல், தொட்டியில் தண்ணீர் இறங்கிய பிறகு போட்டேன். மூன்று நாளும் முழுச் சுற்று ஓடியது. முன்பு ஐந்து நிமிடம் ஏறிய தண்ணீர் இப்போது ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிடுகிறது.

அடுத்த தடவை தொட்டி கழுவும் தேதியை முந்தின நாளே எல்லா வீட்டுக்கும் சொல்வதாகச் செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு ஆங்கிள் வால்வை மூடி வைத்துவிட்டு, மறுநாள் மூன்று வாளி வெளியே விட்ட பிறகுதான் மெஷினுக்குத் திறக்கப்போகிறேன். எதிர் வீட்டு அக்கா அவர்கள் வீட்டு ஆர்.ஓ.வுக்கும் அப்படியே செய்யலாமா என்று கேட்கிறார், செய்யலாம்தானே?

பழைய_ஸ்பானர் | திங்கள், இரவு 10:10

கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். ஆர்.ஓ.வின் முதல் வடிகட்டியையும் இந்த வாரமே திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அதே செதில் அதிலும் இருக்கும்.